உருக்கு கிரவல் சைக்கிளுக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் நிலாவெளியில் வசிக்கும் அரச ஊழியன். திருகோணமலை நகரிலுள்ள அலுவலகத்துக்குச் சென்று வரவும், விடுமுறை நாட்களில் குச்சவெளிப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் ஓடவும் உருக்கு பிரேம் கொண்ட கிரவல் சைக்கிள் ஒன்று வாங்க விரும்புகிறேன். கையில் இரண்டு இலட்சம் ரூபாய் இருக்கிறது. வெளிநாட்டு இணையக் கடையில் நான் பார்த்து வைத்திருப்பதன் விலை 900 டொலர். மிகுதிக்கு மனைவியின் நகையை அடகு வைப்பதா, கடனட்டையைப் பயன்படுத்துவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஒரு டொலர் 300 ரூபாய் என்று கொண்டு, உங்களுக்குக் குறைவது எழுபதாயிரம் ரூபாய்தான் என நீங்கள் கணக்கிட்டிருப்பீர்கள். ஆனால் சுங்கம் சைக்கிளின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த பெறுமதியையே அடிப்படையாகக் கொள்கிறது. அவற்றுக்கு 200 டொலர் என வைத்தால் 330,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியை மட்டும் கூட்டினாலே 389,400 ரூபாய் ஆகிவிடும். ஏனைய தீர்வைகளும், கடனட்டையில் வெளிநாட்டு நாணயத்துக்காக வங்கி அறவிடும் கட்டணமும் இதில் சேரவில்லை. வருமானம் தராத, வாங்கிய நாளிலிருந்தே பெறுமதி குறையும் ஒரு பொருளுக்காக இவ்வளவு தொகைக்கு வட்டி கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கையிலுள்ள பணத்தில், அது உங்கள் அவசரச் சேமிப்பு இல்லையென்றால், 160,000 ரூபாய்க்குள் சைக்கிளை முடித்துக்கொண்டு, மிகுதியை டயர், சங்கிலி, விளக்கு, தலைக்கவசம், பூட்டு ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களிடையே, தொண்ணூறுகளில் தயாரான குரோமோலி (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உறுதியான உருக்கு) மலைச் சைக்கிள் கிடைத்தால் அதுவே உங்களுக்குப் போதும். அகலமான டயருக்கு அதில் தாராளமாக இடமுண்டு, 26 அங்குல டயரை நம் ஊர்க் கடைகளிலேயே வாங்கலாம். குரோமோலியின் ஒரு தரத்தைக் குறிக்கும் '4130' என்ற ஒட்டியைக் கண்டதும் மகிழ்ந்துவிடாதீர்கள். மலிவான சைக்கிள்களில் பெரும்பாலும் மூன்று பிரதான குழாய்கள் மட்டுமே குரோமோலியாக இருக்கும், மற்றவை பாரமான சாதாரண உருக்குத்தான். உருக்கு உடைந்தால் எந்த வெல்டிங் கடையிலும் ஒட்டலாம் என்று பலர் சொல்வதும் பாதி உண்மையே, ஏனெனில் மெல்லிய குரோமோலிக் குழாய்க்குக் கைதேர்ந்தவர் வேண்டும்.

நிலாவெளிக் கடற்காற்றில் உருக்கு வெளியே மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். ஆகவே பெடல் அச்சு பொருந்தும் இடத்தின் அடிப்பக்கத்தில் பெயின்ற் கொப்பளித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆசனத்தைத் தாங்கும் அலுமினியத் தண்டைத் தளர்த்தி வெளியே இழுக்கச் சொல்லுங்கள். உப்பு ஈரத்தில் அலுமினியமும் உருக்கும் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிட்டால், அதைப் பிரிக்கும் செலவு சைக்கிளின் விலையையே தின்றுவிடும். அது நன்றாகக் கழன்று வந்தால், வாங்கியவுடன் குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெயும் தண்டில் கிறீசும் பூசி, வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் ஆண்டுதோறும் அதைத் திரும்பச் செய்யுங்கள். விற்பவர் தண்டைக் கழற்றிக் காட்டத் தயங்கினால் வேறு சைக்கிள் பாருங்கள்.