மச்சானின் போன், உங்கள் ஸ்கோர்

கேள்வி: வீட்டுக்கடன் 30 லட்சம் கேட்டேன். சிபில் ஸ்கோர் 690 என்பதால் 8.5 சதவீதத்துக்குப் பதில் 9.25 என்கிறது வங்கி. என் தவணை எதையும் நான் தவறவிட்டதில்லை. மாதாமாதம் ஆப்பில் ஸ்கோர் பார்ப்பவன். போன வருஷம் 780 இருந்தது. மச்சானுக்காக என் பெயரில் ஒரு போன் இ.எம்.ஐ. ஓடுகிறது. சித்தப்பா மகனின் பைக் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறேன். இரண்டையும் அவர்களே கட்டுகிறார்கள். 6,000 ரூபாய் கொடுத்தால் மூன்றே மாதத்தில் 750 ஆக்கித் தருவதாக ஓர் ஏஜென்சி சொல்கிறது. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நிஜமான பாக்கியை உங்கள் கடன் ரிப்போர்ட்டிலிருந்து அழிக்க எந்த ஏஜென்சியாலும் ஆகாது. தவறான பதிவைத் திருத்த நீங்களே மனுப் போடலாம், காசு செலவில்லை.

'அவர்களே கட்டுகிறார்கள்' என்கிறீர்களே, அதைப் பார்த்தீர்களா, கேட்டுக்கொண்டீர்களா? ஸ்கோர் 90 புள்ளி இறங்கியபோதே முழு ரிப்போர்ட்டைத் திறந்திருக்க வேண்டும். ஆப்பில் ஸ்கோர் காட்டும் அந்த வண்ண மீட்டர், உங்களுக்குப் புதுக் கடன் விற்பதற்காக வைத்திருப்பது. விஷயம் இருப்பது கணக்குப் பட்டியலில்: ஒவ்வொரு கடனுக்கும் எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்று வரிசையாக இருக்கும். போன் கடன் அங்கே உங்கள் கடன்தான், மச்சான் பெயரே கிடையாது. ஜாமீனும் அப்படியே. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு.

தோராயமாகப் பாருங்கள். 20 வருஷத்துக்கு 8.5-ல் தவணை சுமார் 26,035, 9.25-ல் 27,475. மாதம் 1,440 கூடுதல், 240 மாதத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டி. மச்சானின் போனுக்கு நீங்கள் தரும் விலை இது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நம் கடன் விவரத்தைச் சேகரிக்கும் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இப்போது நான்கையும் எடுங்கள். அடுத்த வருஷத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒன்று. நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஐந்து வங்கியில் ஒரே நேரத்தில் விண்ணப்பம் போட்டால்தான் அடி விழும். உங்களுடையதல்லாத கடனோ, முடித்தும் 'நிலுவை' எனக் காட்டும் கணக்கோ இருந்தால் உடனே புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வரவேண்டும்.

போன் பாக்கி இருந்தால் இன்றே முழுதாகக் கட்டி, கடன் முடிந்ததற்கான கடிதம் வாங்குங்கள். தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். ஏமாறாதீர்கள், அது 'செட்டில்ட்' (முழுதாகக் கட்டாமல் முடித்தது) என்று பதிவாகும், அடுத்த வங்கி முகம் சுளிக்கும். வீட்டுக்கடனைச் சில மாதம் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளுங்கள்.

ஜாமீனிலிருந்து கடன் கொடுத்தவர் சம்மதமின்றி விலக முடியாது. பைக் கடன் முடியும்வரை, தவணைத் தேதிக்கு மறுநாள் தம்பியிடம் ரசீது கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.