மருத்துவர் பதில்கள்: குருதியில் தேடும் புற்றுநோய்

கேள்வி: என் தாயார் மார்புப் புற்றுநோயால் இறந்தவர். கனடாவில் இருக்கும் என் தம்பி, மைக்ரோ ஆர்.என்.ஏ என்றொரு குருதிச் சோதனை வந்துவிட்டதாகவும், கட்டி தென்படுவதற்கு முன்பே எந்தப் புற்றுநோயையும் அது காட்டிவிடும் என்றும், தான் காசு அனுப்புவதாகவும் சொல்கிறார். கொழும்புக்குப் போய் அதைச் செய்யலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தம்பியின் அக்கறை மதிக்கத்தக்கது. ஆனால் அந்தக் காசை இப்போதைக்கு அவரே வைத்திருக்கட்டும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது ஏறத்தாழ 22 நியூக்கிளியோட்டைட்டுகள் (ஆர்.என்.ஏ இழையின் கண்ணிகள்) மட்டுமே கொண்ட மிகச் சிறிய மூலக்கூறு. அது தானாக எந்தப் புரதத்தையும் ஆக்குவதில்லை. புரதம் ஆக்குவதற்கான செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏயுடன் ஒட்டிக்கொண்டு, அந்தச் செய்தி நிறைவேறாதபடி அடக்கிவைக்கிறது. 1993இல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் அம்புரோஸ், கேரி ரவ்கன் ஆகிய இருவருக்கும் 2024இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோயுடன் இதற்குள்ள தொடர்பு 2002இல் வெளிப்பட்டது: ஒருவகை நாட்பட்ட வெண்குருதிப் புற்றுநோய் உள்ளவர்கள் பலரில் மிர்-15, மிர்-16 என்னும் இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏக்களுக்கும் உரிய மரபணுப் பகுதி இழக்கப்பட்டிருந்தது அல்லது செயல் குன்றியிருந்தது. ஆகவே தம்பி கேள்விப்பட்டதில் விஞ்ஞானம் உண்டு.

‘எந்தப் புற்றுநோயையும்’ என்ற இடத்தில்தான் பேச்சு எல்லை மீறுகிறது. மிர்-21 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மார்பு, நுரையீரல், பெருங்குடல் எனப் பல புற்றுநோய்களில் அது கூடுகிறது. அழற்சியிலும் இருதய நோயிலும்கூடக் கூடுகிறது. நாய் குரைக்கிறது என்பதை மட்டும் வைத்துப் படலையில் நிற்பவர் கள்வரா உறவினரா என்று எப்படிச் சொல்வது? இதனால்தான் ஆய்வாளர்கள் ஒன்றை மட்டும் அளக்காமல், பல மைக்ரோ ஆர்.என்.ஏக்களைச் சேர்த்து அளக்க முயல்கிறார்கள்.

ஒரு கணக்கையும் பார்க்கலாம். எந்த அறிகுறியும் இல்லாத 10,000 பேரில் 50 பேருக்குப் புற்றுநோய் இருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாகப் பிடிக்கின்ற, நோயற்றவர்களில் நூற்றுக்கு 90 பேரைச் சரியாக விடுவிக்கின்ற ஒரு சோதனையை இவர்கள் எல்லோருக்கும் செய்தால், நோயுள்ள 45 பேருடன் நோயற்ற 995 பேருக்கும் ‘உண்டு’ என்ற அறிக்கை வரும். அந்த 995 பேரும் பஸ் ஏறித் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ அலைய வேண்டும், ஸ்கானுக்குக் காத்திருக்க வேண்டும், முடிவு வரும்வரை உறக்கமின்றி இருக்க வேண்டும். நல்ல சோதனை என்று விளம்பரம் சொல்லும்போது இவர்களை யாரும் எண்ணுவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நடைபெறும் நாளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டறிந்து செல்லுங்கள். தாயாருக்கு எத்தனை வயதில் நோய் கண்டது, சகோதரிகளுக்கோ சித்தி, பெரியம்மாவுக்கோ இருந்ததா என்பதை அங்கு தவறாமல் சொல்லுங்கள். மமோகிராம் (மார்பின் எக்ஸ்-கதிர்ப் படம்) தேவையா, எப்போது தேவை என்பதை அந்த விவரங்களே பெரும்பாலும் தீர்மானிக்கும்.

கேள்வி: நான் ஆய்வுகூடத்தில் பணிபுரிகிறேன். ஆர்.என்.ஏ விரைவில் சிதைந்துவிடும் என்றுதான் படித்தோம். அப்படியானால் அதைக் குருதியில் எப்படி அளக்கிறார்கள்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: நீங்கள் படித்தது சரியே. செயற்கையாகத் தயாரித்த மைக்ரோ ஆர்.என்.ஏயைக் குருதித் திரவவிழையத்தில் (பிளாஸ்மாவில்) கலந்தால் அங்குள்ள நொதியங்கள் அதை விரைவில் அழித்துவிடுகின்றன. உடலிலிருந்தே அங்கு வந்தவையோ அறை வெப்பநிலையிலும் நிலைத்து நிற்கின்றன. ஆர்கோனோட் என்னும் புரதத்துடன் பிணைந்தோ நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள் அடைபட்டோ இருப்பதே அவற்றுக்குக் கவசம். 2008இல் இந்த நிலைத்தன்மை காட்டப்பட்ட பின்னரே, குருதியில் அளக்கலாம் என்ற நம்பிக்கை வலுத்தது.

உங்கள் தொழிலுக்கு இதைவிட முக்கியமான விடயம் ஒன்று உண்டு. செங்குருதிக் கலங்களில் மிர்-16, மிர்-451 ஆகியவை நிறைந்திருக்கின்றன. மாதிரி குலுங்கியோ பிரிக்கத் தாமதித்தோ கலங்கள் உடைந்தால் அவை வெளியே கொட்டி அளவீட்டைக் குழப்பிவிடும். பல ஆய்வுகள் மிர்-16ஐயே மாறாத ஒப்பீட்டு அளவாக வைத்தன என்பதை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆய்வுகூடத்தின் முடிவு இன்னொன்றுடன் ஒத்துவராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் இட்ட குழாயில் எடுத்த குருதி, மைக்ரோ ஆர்.என்.ஏயை அளக்கப் பயன்படும் பி.சி.ஆர் வினையைத் தடுக்கும் என்பதால், இன்னோர் உறைதடுப்பியான ஈ.டி.ரி.ஏ இட்ட குழாயே ஏற்றது. முல்லைத்தீவில் எடுத்த குருதியை வெயிலில் நெடுந்தூரம் கொண்டுபோய் இத்தகைய சோதனை செய்வதானால், எடுத்த இடத்திலேயே திரவவிழையத்தைப் பிரித்து உறையவைக்கும் வசதி முதலில் வேண்டும்.

கேள்வி: எந்தப் புற்றுநோயில் மைக்ரோ ஆர்.என்.ஏச் சோதனை பயனுக்கு மிக அருகில் வந்திருக்கிறது?
– உயர்தர மாணவி, வவுனியா

பதில்: ஆண்களின் விதைகளில், விந்தணுக்களை ஆக்கும் மூலவுயிர்க்கலங்களிலிருந்து தோன்றும் கட்டிகளில் என்பது என் கணிப்பு. அங்கு மிர்-371 என்பது, குருதியில் வழக்கமாக அளக்கும் ஏ.எவ்.பி, எச்.சி.ஜி போன்ற புற்றுநோய்ச் சுட்டிகளைக் காட்டிலும் கூடுதலானவர்களில் நோயைக் காட்டுகிறது. ஆயினும் டெரட்டோமா என்ற வகை அதற்கு அகப்படுவதில்லை.

கேள்வி: அப்பா வெற்றிலையுடன் புகையிலையும் போடுபவர். கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு, தேய்த்தாலும் போகவில்லை. உமிழ்நீரிலேயே புற்றுநோயைச் சோதிக்கலாம் என்று வாசித்தேன். அது வரும்வரை பொறுக்கலாமா?
– வாசகர், மல்லாவி

பதில்: பொறுக்க வேண்டாம். உமிழ்நீரில் மைக்ரோ ஆர்.என்.ஏயைத் தேடும் ஆய்வுகள் நடப்பது உண்மை. ஆனால் வாய் கண்ணால் பார்க்கக்கூடிய இடம், திட்டிலிருந்து சிறு துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் விடை கிடைத்துவிடும். இலங்கை ஆண்களில் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. இந்த வாரமே அப்பாவை அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். புகையிலையையும் பாக்கையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.