ஒரே ஆள் உள்ள ஊரின் வரவு செலவு

கேள்வி: அமெரிக்காவில் ஒரே ஒருவர் மட்டும் வாழும் ஊர் ஒன்று இருப்பதாகவும், அவரே அவ்வூரின் மேயர் என்றும் படித்தேன். இது உண்மைதானா? உண்மையென்றால் அந்த ஒருவர் அங்கே எதைக் கொண்டு பிழைக்கிறார்? – வாசகர், சிவகாசி.

பதில்: உண்மைதான். நெப்ராஸ்கா மாநிலத்தின் வடகோடியில், தெற்கு டகோட்டா எல்லைக்கு அருகே, பாய்ட் என்ற மாவட்டத்தில் உள்ள மோனோவி என்பதே அந்த ஊர். 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே ரூடி ஐலர், அவருடைய மனைவி எல்சி ஐலர் என்று இருவர் இருந்தனர். 2004-இல் கணவர் காலமானார். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அவ்வூரின் மக்கள்தொகையை 1 என்று பதிவு செய்தது. தனி வீடாக ஒதுங்கி நிற்கும் குடியிருப்புகள் அமெரிக்காவில் ஏராளம். மோனோவியின் தனிச்சிறப்பு, அது சட்டப்படி ஊராட்சித் தகுதி பெற்ற சிற்றூர் என்பதுதான். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தகுதி உள்ள ஓர் ஊரில் ஒரே ஒருவர் மட்டும் இருந்ததாகப் பதிவான இடம் அந்நாட்டில் அது ஒன்றே. நெப்ராஸ்காவின் சட்டப்படி ஒரு குடியிருப்பு இத்தகுதியைப் பெற வேண்டுமானால் குறைந்தது 100 பேராவது அங்கே வாழ வேண்டும். மோனோவி அத்தகுதியைப் பெற்றது ஆட்கள் இருந்த காலத்தில். ஆட்கள் போன பின்பும் தகுதி மட்டும் போகவில்லை.

பிழைப்பு எது என்ற கேள்விக்கு வருகிறேன். எல்சி ஐலரின் தந்தை ஒரு காலத்தில் நடத்திய மதுக்கடையை, 1971-இல் அவரும் கணவரும் மீண்டும் திறந்தனர். பெயருக்கு மதுக்கடை என்றாலும், காலையில் காப்பி, நண்பகலில் ஹாம்பர்கர், மாலையில் பீர் என்று நாள் முழுவதும் இயங்கிய உணவகம் அது. கணவர் மறைந்த பிறகு அதை எல்சி தனியாகவே நடத்தி வந்தார்: சமையலும் அவர், பரிமாறுதலும் அவர், கல்லாவும் அவர். ஒரே ஆள் உள்ள ஊரில் கடை வைத்தால் யார் வந்து வாங்குவார்கள் என்று கேட்கத் தோன்றும். வாங்குபவர்கள் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள். சுற்றிலும் சோளமும் புல்வெளியும் மாட்டுப் பண்ணைகளுமாகப் பரந்து கிடக்கும் நிலத்தில், ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த பண்ணை வீட்டுக்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கும். அவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து பேச, ஒரு வாய் சாப்பிட, அக்கம்பக்கத்துச் செய்தி கேட்க இருக்கும் இடம் இக்கடை. அவர்களோடு சரக்கு லாரி ஓட்டுநர்களும் வேட்டைக்கு வருபவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஊரின் பெயர் உலகச் செய்தியானதிலிருந்து, அறிவிப்புப் பலகையில் 1 என்று எழுதியிருப்பதைப் படம் எடுக்க வரும் சுற்றுலாப் பயணிகளும் வாடிக்கையாளராயினர்.

கணக்கெடுப்பு, ஒருவர் எங்கே உறங்குகிறார் என்பதைக் கொண்டே அவரை எந்த ஊரில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறது. எங்கே செலவழிக்கிறார் என்பது அதற்கு வேண்டாத செய்தி. ஆகவே மக்கள்தொகை 1 என்ற எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு மோனோவி செத்துப்போன ஊராகத் தெரியும். கடைக்குள் நுழைபவருக்கு அது ஒரு வட்டாரத்தின் சந்திப்பு முனை. சிற்றூர்களைப் பற்றிய பல செய்திக் கட்டுரைகள் முதல் பார்வையோடு நின்றுவிடுவதாலேயே அவை வேடிக்கைக் கதைகளாக முடிந்துவிடுகின்றன என்பது என் கருத்து.

கேள்வி: தனக்குத் தானே வரி போட்டுத் தானே கட்டுகிறார் என்கிறார்களே, இதெல்லாம் விளம்பரத்துக்குச் செய்யும் கூத்து அல்லவா? – வாசகர், பொள்ளாச்சி.

பதில்: கூத்தாகத் தோன்றலாம்; ஆனால் அந்தக் காகித வேலை நின்றால் தெருவிளக்கு நின்றுவிடும். அவர் மேயர் மட்டும் அல்லர். ஊரின் எழுத்தரும் பொருளாளரும் அவரே. ஆண்டுதோறும் தேர்தல் அறிவிப்பைத் தம் கடையிலேயே ஒட்டிவைத்து, தமக்கே வாக்களித்து வந்தார். மாநில அரசிடமிருந்து நிதி பெற, ஊரின் சாலைகளுக்கான திட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. நான்கு தெருவிளக்குகள் எரியவும் தண்ணீர் வரவும் தம்மிடமிருந்தே ஏறத்தாழ 500 டாலர் வரி வசூலித்துக்கொண்டார். மது, புகையிலை விற்பனை உரிமங்களின் பயணம் இதைவிடச் சுவையானது: கடைக்காரராக அவர் விண்ணப்பித்தால், மாநில அலுவலகம் அதை ஊராட்சியின் பார்வைக்கு அனுப்பும்; ஊராட்சியின் எழுத்தராக அதைப் பெற்றுக் கையெழுத்திட்டு, கடைக்காரராகிய தம்மிடமே அவர் திரும்பக் கொடுப்பார்.

சிரிப்பு வருவது இயல்பே. ஆனால் இந்த நடைமுறைகளை அவர் கைவிட்டிருந்தால் ஊராட்சித் தகுதியும், அதோடு வரும் நிதியும், வரைபடத்தில் உள்ள பெயரும் போயிருக்கும். நூறு பேருக்காக எழுதப்பட்ட சட்டம் ஒருவருக்கென்று தனிச்சலுகை எதையும் தருவதில்லை. எனவே ஓர் ஊரின் நிர்வாகச் சுமை முழுவதையும் ஒரே தோள் சுமக்கிறது என்றுதான் இதைப் பார்க்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரூடி ஐலர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த ஏறத்தாழ 5,000 நூல்களையும் இதழ்களையும் ஒரு சிறு கொட்டகையில் அடுக்கி, அவர் பெயரிலேயே நூலகமாகத் திறந்துவைத்தார் அவருடைய மனைவி. அங்கே நூலகர் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. வேண்டிய நூலை எடுத்துச் சென்று, படித்துவிட்டுத் திருப்பி வைக்க வேண்டியதுதான். விளம்பரம் மட்டுமே நோக்கமாக இருந்தால் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

கேள்வி: அந்த ஊரில் இருந்த மற்றவர்கள் ஏன் வெளியேறினார்கள்? – கல்லூரி மாணவி, நாகர்கோவில்.

பதில்: மோனோவி இருப்புப்பாதையால் பிறந்த ஊர். 1902-இல் ஃபிரிமான்ட், எல்க்ஹார்ன் அண்ட் மிசூரி வேலி என்ற இருப்புப்பாதை நிறுவனம் தன் பாதையை அவ்வழியே நீட்டியபோது மனைகள் பிரிக்கப்பட்டு ஊர் எழுந்தது. தானியத்தையும் கால்நடைகளையும் ரயிலேற்ற ஓர் இடம், பண்ணைக்காரர்கள் பொருள் வாங்கக் கடைகள், ஒரு பள்ளி, ஒரு தேவாலயம், ஓர் அஞ்சலகம் என அமெரிக்காவின் பெருஞ்சமவெளி எங்கும் முளைத்த நூற்றுக்கணக்கான ஊர்களின் அமைப்பே இதற்கும் அமைந்தது. 1930-இல் இங்கே 123 பேர் வாழ்ந்தனர்.

அந்த ஊர்களுக்கு இடையே இருந்த தொலைவு, குதிரை வண்டியில் ஒரே நாளில் சென்று திரும்பக் கூடிய தொலைவைக் கணக்கில் கொண்டு அமைந்தது. மோட்டார் வண்டி வந்ததும் அந்தக் கணக்கு பொய்த்துப் போனது. பண்ணைக்காரர் அரைமணி நேரத்தில் பெரிய ஊருக்குச் சென்று மலிவாக வாங்கிவர முடிந்தபோது, பக்கத்துச் சிற்றூரின் மளிகைக் கடைக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1930-களின் பெருமந்தமும், அதே காலத்தில் சமவெளியை வாட்டிய வறட்சியும் புழுதிப் புயல்களும் சிறு பண்ணைகள் பலவற்றை மூழ்கடித்தன. பிறகு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பெருகியதால், முன்பு பல குடும்பங்கள் உழுத நிலத்தை ஒரே குடும்பம் உழ முடிந்தது. விளைச்சல் குறையவில்லை, விளைவிக்கத் தேவைப்பட்ட ஆட்கள்தான் குறைந்தார்கள். சிற்றூர்கள் தேய்ந்ததற்கு வேளாண்மையின் தோல்வியே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். என் பார்வையில், வேளாண்மை ஆட்களைச் சாராமல் வெற்றி பெற்றதுதான் பெருங்காரணம்.

மோனோவியில் அஞ்சலகமும் கடைசி மளிகைக் கடையும் 1967-க்கும் 1970-க்கும் இடையில் மூடப்பட்டன. பள்ளி 1974-இல் மூடப்பட்டது. பள்ளி மூடப்பட்ட ஊரில் இளங்குடும்பம் குடியேறாது. இருப்பவர்களின் பிள்ளைகளும் வேலை தேடிச் சென்ற இடத்திலேயே தங்கிவிடுவார்கள். ஐலர் தம்பதியரின் இரு பிள்ளைகளும் அப்படித்தான் வெளியேறினர். 1990-இல் ஊரில் மிஞ்சியவர்கள் 6 பேர். இது மோனோவிக்கு மட்டும் நேர்ந்ததன்று: 1920-இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த பாய்ட் மாவட்டத்தில் 2010-இல் 2,099 பேரும், 2020-இல் 1,810 பேரும்தான் இருந்தனர்.

கேள்வி: தங்கள் பதிலுக்கு மாறாக, 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மோனோவியில் இருவர் வாழ்வதாக உள்ளதே? யாராவது குடியேறினார்களா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்.

பதில்: யாரும் குடியேறவில்லை. தம்மைத் தவிர ஊரில் எவரும் இல்லை என்று மேயரே செய்தியாளர்களிடம் தெரிவித்தார். அந்த இரண்டாவது ஆளை உருவாக்கியது கணக்கெடுப்புத் துறையேதான். அதுவும் தெரிந்தே உருவாக்கியது.

அமெரிக்கச் சட்டப்படி, கணக்கெடுப்பில் ஒருவர் தரும் விவரம் அவருடையது என்று அடையாளம் காணக்கூடிய வகையில் வெளியிடப்படக் கூடாது. பெருநகரத்தில் இது எளிது. ஒரே ஆள் வாழும் ஊரிலோ, ஊரின் சராசரி வயது என்பது அவருடைய வயது. ஊரின் இனப் பகுப்பு என்பது அவருடைய இனம். ஊர்ப் புள்ளிவிவரம் அனைத்துமே அவருடைய தனிவிவரம். சிறு குடியிருப்புகளின் அட்டவணைகளை ஒன்றோடொன்று பொருத்தி, கணினியின் துணையோடு தனிமனிதர்களை அடையாளம் காண முடியும் என்பதைத் துறையின் ஆய்வாளர்களே சோதித்துக் கண்டனர். ஆகவே 2020-இல், வெளியிடும் எண்களில் குறிப்பிட்ட கணித முறைப்படி சிறு கூட்டலையும் கழித்தலையும் வேண்டுமென்றே கலந்தனர். மாநிலங்களின் மொத்த மக்கள்தொகையில் இந்தக் கலப்பு இல்லை. நாடாளுமன்றக் கீழவை இடங்களைப் பகிர்வதற்கு அந்த எண்தான் அடிப்படை என்பதால் அது உள்ளபடியே வெளியிடப்பட்டது. அதற்குக் கீழே, ஊர் சிறிதாகச் சிறிதாகக் கலப்பின் விளைவு பெரிதாகத் தெரியும். பத்து இலட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவர் கூடினால் எவரும் கவனிக்கப் போவதில்லை. மோனோவியில் அதுவே நூறு விழுக்காடு வளர்ச்சி!

இந்த முறை வருவதற்கு முன்பும் சிற்றூர்க் கணக்குகள் தவறியதுண்டு. வயோமிங் மாநிலத்தின் லாஸ்ட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 2000-ஆம் ஆண்டு ஒருவர்தான் இருக்கிறார் என்று கணக்கெடுப்பு சொன்னபோது, அங்கே உண்மையில் நால்வர் இருந்ததாக அவ்வூர் மேயர் மறுத்தார். அடுத்த கணக்கெடுப்பில் நால்வர் என்றே பதிவாயிற்று. வருமானம், தொழில் போன்றவற்றுக்கான இடைக்கால மதிப்பீடுகள் முழுக் கணக்கெடுப்பால் பெறப்படுவன அல்ல, மாதிரிக் கணக்கெடுப்பால் பெறப்படுவன. இத்தகைய ஊர்களில் அவற்றின் பிழை வரம்பு சில நேரங்களில் மதிப்பீட்டையே விஞ்சிவிடும். சிற்றூர் ஒன்றின் சராசரி வருமானத்தை எங்காவது படித்தால் அதை வைத்து முடிவெதுவும் செய்துவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: இப்படிப்பட்ட ஊரை ஒருவர் விலைக்கு வாங்கியதாகக் கேள்விப்பட்டேன்; ஓர் ஊரை வாங்க முடியுமா? – வாசகர், மதுரை.

பதில்: தாங்கள் கேள்விப்பட்டது வயோமிங்கின் பியூஃபோர்டு. செயென், லாரமி நகரங்களுக்கு இடையே நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள அந்த இடம் 2012-இல் ஏலத்துக்கு வந்தது. வியட்நாமைச் சேர்ந்த வணிகர் ஒருவர் 9 இலட்சம் டாலருக்கு எடுத்தார். தம் நாட்டுக் காப்பியை அமெரிக்காவில் அறிமுகப்படுத்த அந்தப் பெயர் பெற்ற இடம் உதவும் என்பது அவர் கணக்கு. பியூஃபோர்டு ஊராட்சித் தகுதி இல்லாத இடம். அங்கே கைமாறியவை பெட்ரோல் நிலையம், கடை, வீடு, சில ஏக்கர் நிலம் ஆகிய தனியார் சொத்துகளே. மோனோவியைப் போன்ற ஊரில் நிலத்தையும் கட்டடங்களையும் வாங்கலாமே தவிர, மேயர் பதவியை வாங்க முடியாது. அதற்கு அங்கே குடியேறித் தேர்தலில் நிற்க வேண்டும். போட்டி கடுமையாக இராது என்று நினைக்கிறேன்.

கேள்வி: மக்கள்தொகை சிறுத்தால் பொருளாதாரமும் சிறுக்கும் என்பது விதிதானே? – வாசகி, ஈரோடு.

பதில்: டெக்சாஸ் மாநிலத்தின் லவ்விங் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மாவட்டம் முழுவதிலும் 2020-இல் 64 பேர்தான் வாழ்ந்தனர். ஆனால் அது பெர்மியன் படுகையின் எண்ணெய் வயல்களின்மேல் அமர்ந்திருக்கிறது. எண்ணெய், எரிவாயுச் சொத்துகளின் மீதான வரியால் அம்மாவட்ட நிர்வாகத்துக்குக் கிடைக்கும் வருவாய், குடியிருப்போரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மலைக்க வைப்பது. வயல்களில் உழைப்போரோ தொழிலாளர் முகாம்களில் தங்கிச் செல்பவர்கள். அவர்களுடைய நிரந்தர வீடு வேறு ஊர்களில் இருப்பதால் கணக்கெடுப்பு அவர்களை அங்கேதான் சேர்க்கிறது. மோனோவியிலும் பணம் வெளியிலிருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே ஹாம்பர்கர் விற்ற காசு கடைக்காரரிடமே தங்குகிறது. லவ்விங்கில் எடுக்கும் எண்ணெயின் இலாபத்தில் பெரும்பகுதி குழாய் வழியே எண்ணெய் போவதைப் போலவே மாவட்டத்தை விட்டுப் போய்விடுகிறது.