டீசல் கொட்டிய மண்ணைச் செடியும் பாக்டீரியாவும் சுத்தம் செய்யுமா?

செய்யும். எண்ணெயைத் தின்னும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா பெரும்பாலும் அந்த மண்ணிலேயே இருக்கும். காசு கொடுத்து வாங்கி ஊற்றத் தேவையில்லை. அதற்குப் பற்றாதது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்தும் காற்றும்தான்.

ஒரு டன் மண்ணில் 1% எண்ணெய் என்றால் 10 கிலோ. அதில் கார்பன் சுமார் 8.5 கிலோ. பாக்டீரியாவுக்குக் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 விகிதத்தில் வேண்டும்; அந்தக் கணக்கில் நைட்ரஜனுக்கான யூரியா மட்டுமே 1.8 கிலோ வரும். ஒரேயடியாகக் கொட்டினால் அம்மோனியா ஏறி பாக்டீரியாவே சாகும்; நாலு தவணையாகப் போடுங்கள். தார்ப்பாய் மேல் மண்ணை 30 செ.மீ. உயரத்துக்குள் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், நீர் சொட்டக் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை.

பிறகுதான் செடி. சில விதைகளை ஊன்றிப் பாருங்கள். முளைத்தால் புல் விதைக்கலாம். அதன் நார்வேர்கள் பாக்டீரியாவுக்குத் தீனி சுரக்கும். தார் போன்ற கனமான எச்சம் மட்டும் எளிதில் கரையாது.