வெள்ளம் வடிந்த பிறகு: குளிர்கால நிவாரணம் பற்றி நீங்கள் கேட்டவை

குளிர்கால வெள்ளத்தில் தண்ணீர் சீக்கிரம் போய்விடும், ஈரம் போகாது. உதவிக் குழுக்களின் உற்சாகமோ தண்ணீரோடு சேர்ந்தே வடிந்துவிடுகிறது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தைப் பற்றியவை. என் பதில்கள் அதற்குப் பிந்தைய வாரங்கள் பக்கம் அடிக்கடி சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, பழைய துணி கேட்டோம், ஒரு கூடம் நிறைய வந்துவிட்டது. இதை எப்படி விநியோகிப்பது?

முதலில் "துணி போதும்" என்று அறிவியுங்கள். அறிவிக்காவிட்டால் நாளை இன்னொரு கூடம் தேட வேண்டிவரும். துணியைத் தரம் பிரிக்க, அளவு பார்க்க, நனையாமல் வைக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் வீடுகளில் சேறு அள்ளிக்கொண்டிருக்க வேண்டியவர்கள். கேட்காமல் வந்து குவியும் பொருட்களை நிவாரணப் பணியாளர்கள் "இரண்டாவது பேரிடர்" என்று சொல்வது சும்மா இல்லை.

குளிரில் உண்மையாகவே தேவைப்படுபவை சில: போர்வை, புதிய உள்ளாடை, காலுறை, ரப்பர் பூட்ஸ், தடிமனான கையுறை. பெட்டியின் வெளியே என்ன பொருள், என்ன அளவு என்று எழுதுங்கள். கலந்து கட்டிய பெட்டியை அவசரத்தில் யாரும் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: பொருளுக்குப் பதில் பணமாகவே கொடுக்கலாமா? தவறாகச் செலவழித்துவிட்டால்?

அக்கம்பக்கத்தில் கடைகள் திறந்திருந்தால் பணம்தான் நல்லது. ஒரு வீட்டுக்கு மெத்தை வேண்டும், பக்கத்து வீட்டுக்கு மூக்குக்கண்ணாடி. அது நமக்கு எப்படித் தெரியும்? வீட்டை இழந்தவரிடம் கணக்குக் கேட்கும் ஆர்வத்தில் பாதியைக் குழுவின் கணக்கில் காட்டினால் போதும்.

கேள்வி: குழந்தைகளுக்குப் பால் பவுடர் வாங்கித் தரலாம் என்று இருக்கிறோம்.

மொத்தமாக வாங்கி எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைத்த புட்டியும் இல்லாத இடத்தில் பால் பவுடர் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் இடையில் நிறுத்திவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஏற்கெனவே பவுடரை நம்பியிருக்கும் குழந்தைகளுக்கு மட்டும், சுகாதாரப் பணியாளர் வழியாகக் கொடுங்கள். தாய்மார்களுக்கு நல்ல சாப்பாடு, குடிநீர், மறைவாக உட்காரக் கதகதப்பான ஓர் இடம். இதற்குச் செலவழிக்கலாம்.

கேள்வி: மின்சாரம் இல்லை, கடுங்குளிர். ஜெனரேட்டரை வராந்தாவில் வைத்து ஓட்டலாமா?

கூடாது. வராந்தா, கார் நிறுத்துமிடம், திறந்த ஜன்னலோரம், எதுவும் கூடாது. ஜெனரேட்டர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வெள்ளத்தில் தப்பியவர்கள் இதில் போன கதைகள் பல நாடுகளில் உண்டு. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள். கரி அடுப்பையும் குளிர்காய உள்ளே கொண்டுவராதீர்கள். பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம் என்றால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நனைந்து வந்த பெரியவர் ஒருவருக்கு நடுக்கம் நின்றுவிட்டது. தேறிவிட்டார் என்று நினைக்கலாமா?

நடுக்கம் நின்று பேச்சு குழறினால் அது தேறுவதல்ல, நிலைமை மோசமாகிறது. உடல்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே மருத்துவ உதவி தேடுங்கள். அதுவரை ஈர உடையை மாற்றி, நெஞ்சையும் கழுத்தையும் முதலில் போர்த்திக் கதகதப்பாக்குங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள். மது கொடுக்கவே கூடாது.

கேள்வி: கீழ்த்தள அறையில் கழுத்தளவு தண்ணீர். பெரிய மோட்டார் கிடைத்திருக்கிறது, ஒரே நாளில் இறைத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. வெளியே மண் தண்ணீர் குடித்து ஊறியிருக்கிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது சுவரை உள்ளிருந்து தாங்குகிறது. மொத்தமாக இறைத்தால் வெளி அழுத்தத்தில் சுவர் உள்ளே சரியலாம். சுற்றுப்புறத்தில் தண்ணீர் வடிந்த பிறகு, நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறையுங்கள். மின் இணைப்பைத் துண்டித்ததை உறுதிசெய்யாமல் யாரும் கால் வைக்கக் கூடாது.

கேள்வி: நன்கொடையாகப் பெயின்ட் வந்திருக்கிறது. சுவர்களுக்கு எப்போது அடிக்கலாம்?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். பெயின்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், இப்போது வேண்டாம்.

நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். மெத்தை, கம்பளம், ஊறிய அட்டைப் பலகை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். எறிவதற்கு முன் புகைப்படம் எடுக்கச் சொல்லுங்கள், இழப்பீட்டுக்கு அதுதான் சாட்சி. செங்கல் சுவரோ நாள்கணக்கில் காயாது, மாதக்கணக்கில்தான். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கி, சில வாரங்களில் உரிந்து, பூஞ்சையும் கிளம்பும்.

உங்கள் குழுவிடம் பணம் இருந்தால் சுவரின் ஈரத்தை அளக்கும் ஈரப்பதமானி ஒன்றும், ஈரத்தை உறிஞ்சும் இயந்திரங்கள் சிலவும் வாங்கி வீடு வீடாகச் சுற்றுக்கு விடுங்கள். இயந்திரம் ஓடும்போது ஜன்னலை மூட வேண்டும். திறந்துவைத்தால் ஊர்க்காற்றின் ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சிக்கொண்டிருக்கும். இயந்திரம் இல்லாத வீட்டில் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்து ஹீட்டர் மட்டும் போட்டால் ஈரம் வெளியேற வழியே இல்லை.

கேள்வி: முகாமில் ஒருவருக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு இடம்?

மனிதநேய உதவிக்கான ஸ்ஃபியர் கையேட்டின்படி, குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளுக்கு 15 லிட்டர். தங்க 3.5 சதுர மீட்டர், ஆனால் குளிர்ப் பகுதிகளில் 4.5 முதல் 5.5 வரை. குளிரில் ஜனங்கள் உள்ளேயேதான் சமைத்து, துணி காயப்போட்டு, நாள் முழுக்க இருப்பார்கள் அல்லவா? கலங்கிய தண்ணீரைத் தெளியவைத்து வடிகட்டி, நன்றாகத் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் 3 நிமிடம்.

கேள்வி: எல்லாத் தகவலையும் வாட்ஸாப் குழுவிலேயே சொல்லிவிடுகிறோம். போதும்தானே?

2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது இங்கிலாந்தின் லங்காஸ்டரில் ஒரு துணை மின்நிலையத்தில் வெள்ளம் புகுந்து, சுமார் 60,000 வீடுகள் இருண்டன. கொஞ்ச நேரத்திலேயே பல செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. பாட்டரி வானொலி வைத்திருந்தவர்களுக்குத்தான் செய்தி கிடைத்தது. எனவே தெருவுக்கு ஒருவர், ஒரு அறிவிப்புப் பலகை, தினமும் சந்திக்க ஒரு நேரம் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கேள்வி: வசூலித்ததில் பணம் மிஞ்சினால் வேறு நல்ல காரியத்துக்குச் செலவழிக்கலாமா?

கொடுத்தவர் எதற்குக் கொடுத்தாரோ அதற்குத்தான். அதனால் வேண்டுகோள் விடுக்கும்போதே "மிஞ்சினால் இதற்குப் பயன்படும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. அப்புறம், வந்த பணத்தை முதல் மாதமே தீர்த்துவிடாதீர்கள். சுவர் காய்ந்து முடிய மாதங்கள் ஆகும். பெயின்ட் வாங்க, கெட்டுப்போன மின்கம்பிகளை மாற்ற, அப்போதுதான் யாரிடமும் காசு இருக்காது.

கேள்வி: உதவி பெறுவோர் பட்டியலில் யார் விடுபடுகிறார்கள்?

வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டுச் சேதத்துக்கான பணம் உரிமையாளருக்குப் போகும், பாத்திரமும் படுக்கையும் போனது இவர்களுக்கு. தனியாக வாழும் முதியவர்களும், உறவினர் வீட்டில் தங்கப் போய்விட்டவர்களும் அப்படியே. முகாமுக்கு வராததால் இவர்கள் பெயரை யாரும் எழுதுவதில்லை. முகாம் பதிவேட்டை மட்டும் நம்பாமல், நனைந்த வீடுகளைத் தெருவாரியாக எழுதி, அங்கே குடியிருந்தவர் இப்போது எங்கே என்று விசாரியுங்கள்.