பதில்: சாதி பாடம் எடுத்தால் வகுப்பே வாய் திறப்பதில்லை

வணக்கம். சாதி பற்றிய அலகைத் தொடங்கினாலே பி.ஏ. இரண்டாம் ஆண்டு வகுப்பு உறைந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது அக்கறையின்மை இல்லைங்க, பயம். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நானும் ஆரம்பத்தில் "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்டுத் தொலைத்தேன். தலையைக் குனிந்துகொண்ட ஒரு பெண் மூன்று நாள் வகுப்புக்கே வரவில்லை. இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது தெருவிலிருந்து தொடங்குகிறேன். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் களப்பணி செய்த ஊருக்கு "ஸ்ரீபுரம்" என்று புனைபெயர் வைத்தார். அக்ரஹாரம், குடியானவர் தெரு, சேரி எல்லாம் தனித்தனி. அதைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, அவரவர் ஊரை வரையச் சொல்வேன்: தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம், சுடுகாடு. ஒருமுறை ஒரே ஊர்ப் பையன்கள் இருவர் வரைந்தார்கள். ஒருவன் படத்தில் மற்றவன் தெருவே இல்லை! அன்றோடு தாளில் பெயரும் ஊரும் எழுதச் சொல்வதை நிறுத்திவிட்டேன். தாள்களைக் கலந்துபோட்டுத்தான் விவாதம்.

அப்படியும் சிலர் பேசமாட்டார்கள், விடுங்கள். உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப வரும்போது அவர்களே பேசுவார்கள். ஸ்டாஃப் ரூமில் உங்கள் மேசையருகே இன்னொரு நாற்காலி போட்டு வையுங்கள்.