போர்க்காலத்தில் வெளிவந்த பியானோ பாடநூலை நான் அச்சிடலாமா?

கேள்வி: பல வருடங்களாகக் கோவையில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிறேன். ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் ‘மைக்ரோகாஸ்மோஸ்’ முதல் இரண்டு தொகுதிகளிலிருந்து 40 பாடங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பயிற்சிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். கூடவே சோல்டன் கோடாயின் சின்னப் பாடங்கள் இரண்டு. 500 பிரதி போடலாம் என்று போனால், “1940, லண்டன் கம்பெனி காப்பிரைட் என்று இருக்கிறதே! போர் நடந்த வருடங்களையும் கூட்டிக் கணக்குப் போடுவார்களாம், கேஸ் வரும்” என்று அச்சகக்காரர் கையை விரிக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவிகளும் பிடிஎஃப் கேட்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, பார்டோக்கின் பாடங்களை நீங்கள் தாராளமாக அச்சிடலாம். கோடாயின் இரண்டையும் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள்.

நம் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 22-ஆம் பிரிவு பார்ப்பது ஆசிரியர் இறந்த வருடத்தைத்தான். அவர் வாழ்நாளிலேயே வெளிவந்த இசைக்கு, அவர் இறந்த மறு வருடத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பார்டோக் 1945 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் இறந்தார். 1946 ஜனவரியிலிருந்து எண்ணினால் 2005 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. புத்தகத்தில் அச்சாகியிருக்கும் காப்பிரைட் வரியால் அந்தக் காலம் ஒரு நாள்கூட நீளாது. போர் வருடங்களைக் கூட்டித் தரும் சட்டம் பிரான்சில் இருந்தது உண்மை. அச்சகக்காரர் அதைத்தான் எங்கோ கேள்விப்பட்டிருப்பார். நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை.

ஹங்கேரிக்காரர் புத்தகத்தில் லண்டன் கம்பெனி எப்படி வந்தது என்ற கதையை உங்கள் மாணவர்களுக்கும் சொல்லுங்கள். பல வருடங்களாக அவர் நூல்களை வெளியிட்டு வந்தது வியன்னாவின் யூனிவர்சல் எடிஷன். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதும், அவருக்கு ராயல்டி வசூலித்துத் தந்த வியன்னா சங்கமும் ஜெர்மன் அமைப்புக்குள் போய்விட்டது. அங்கிருந்து ஒரு படிவம் வந்தது: நீங்கள் ஜெர்மானிய ரத்தமா, ஆரியர் அல்லாதவரா? பார்டோக்கும் கோடாயும் அதை நிரப்ப மறுத்தார்கள். அப்படிக் கேட்பதே சட்டவிரோதம் என்று பார்டோக் கடிதத்தில் எழுதினார். தினமும் படிவங்களோடு மல்லுக்கட்டும் எனக்கு, நிரப்பாமல் விட்ட அந்த ஒரு படிவத்தின் மீது பெரிய மரியாதை உண்டு. பார்டோக் தன் ராயல்டி உரிமையை லண்டன் சங்கத்துக்கு மாற்றிக்கொண்டார். பூசி அண்ட் ஹாக்ஸ் நிறுவனத்தின் ரால்ஃப் ஹாக்ஸ் புடாபெஸ்ட்டுக்கே வந்து இருவரையும் தன் பதிப்பகத்துக்கு அழைத்துக்கொண்டார். 1926-லிருந்து பார்டோக் சேர்த்து வந்த ‘மைக்ரோகாஸ்மோஸ்’ பாடங்கள் 153-ம், ஆறு தொகுதிகளாக 1940-ல் வெளிவந்தன. அந்த அக்டோபரிலேயே அவர் நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். முதல் இரண்டு தொகுதிகளை மகன் பீட்டருக்குச் சமர்ப்பித்திருந்தார். நீங்கள் குறிப்பு எழுதியிருப்பதும் அதே தொகுதிகளுக்குத்தான்: இரண்டு கையும் ஒரே மெட்டை வாசிக்கும் முதல் ஆறு பாடங்களிலிருந்து.

சரி, எந்தப் பிரதியைப் பார்த்து அச்சிடப் போகிறீர்கள்? 1987-ல் பீட்டரின் திருத்தங்களோடு புதுப்பதிப்பு ஒன்று வந்தது. வெறும் உழைப்பு போதாது, கொஞ்சமாவது படைப்புத்திறன் இருந்தால்தான் புதிய உரிமை பிறக்கும் என்று 2007-ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அச்சுப்பிழையைத் திருத்தியதற்கு நம் நாட்டில் உரிமை கோருவது கஷ்டம்தான். ஆனால் அந்தப் பதிப்புக்கென்று எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் உரிமை உள்ளவை, அவற்றைத் தொடாதீர்கள். பக்கங்களை ஸ்கேன் செய்யவும் வேண்டாம். 1940 பதிப்பை வைத்துக்கொண்டு ஸ்வரக்குறிகளைக் கம்ப்யூட்டரில் புதிதாக அடித்துக்கொள்ளுங்கள். பார்டோக்கின் பெயர் எடுப்பாக இருக்கட்டும். பழைய அட்டையின் வடிவமும் பதிப்பகத்தின் சின்னமும் வேண்டாம். ஆண்டு விழாவில் குழந்தைகள் இந்தப் பாடங்களை வாசிக்க யாரிடமும் லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை.

கோடாய்க்கும் வந்தது அதே போர், அதே படிவம், அதே ஹாக்ஸ். ஆனால் அவர் 1967 மார்ச்சில்தான் இறந்தார். இந்தியாவில் அவருடைய உரிமை 2027 டிசம்பர் 31 வரை இருக்கிறது. அனுமதி இல்லாமல் அந்த இரண்டு பாடங்களைச் சேர்த்தால் 51-ஆம் பிரிவின்படி உரிமை மீறல். தெரிந்தே செய்தால் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது, அச்சகக்காரரும் மாட்டுவார். அந்த வகையில் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. பதிப்பகத்துக்கு எழுதி எழுத்தில் அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் 2027 முடிந்தபின் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்கா விஷயம் வேறு. 1940-ல் வெளிவந்த இந்த நூலுக்கு அங்கே 95 வருடக் கணக்கு, அதாவது 2035 முடியும் வரை. இங்கே உரிமை முடிந்துவிட்டது என்ற பதில் அங்கே எடுபடாது, பிடிஎஃப் அனுப்பாதீர்கள். உங்கள் தமிழ்க் குறிப்புகளை மட்டும், பாட எண் போட்டு அனுப்புங்கள். பார்டோக்கின் புத்தகத்தை மாணவிகள் அங்கேயே கடையில் வாங்கிக்கொள்ளட்டும். அந்தக் குறிப்புகள் உங்கள் சொந்தச் சொத்து. எழுதிய அன்றே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது, பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் 500 பிரதி வெளியே போகும்போது டெல்லி பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்து வைப்பது நல்லது.

அச்சகக்காரருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் கொடுங்கள்: பார்டோக் இறந்த தேதி, 22-ஆம் பிரிவு, பார்த்து அடித்தது 1940 பதிப்பு, கோடாயின் பாடங்கள் நீக்கப்பட்டுவிட்டன. கீழே உங்கள் கையெழுத்து.